ஆணியில் தொங்கிய விமானம்

போனில் ஓடுகிற அந்தப் படத்தைக் கொஞ்சம் நிறுத்துங்கள் தம்பி. சத்தத்துக்காகச் சொல்லவில்லை, பஸ்ஸில் சத்தம் இல்லாமல் எங்கே இருக்கிறது. அந்த ஆள் பேசுவதைத்தான் காது கொடுத்துக் கேட்க முடியவில்லை. கழுத்தில் டை, முதுகுக்குப் பின்னால் ஒரு பச்சைச் செடி. மாதம் பதினைந்தாயிரம் சம்பளத்தில் எப்படிச் சேமிப்பது என்று நமக்குச் சொல்ல வந்துவிட்டான். அவன் போட்டிருக்கிற சட்டையே மூவாயிரம் இருக்கும். இலக்கை எழுதி, கண்ணில் படுகிற இடத்தில் ஒட்டி வைக்கணுமாம். எழுதி ஒட்டினால் காசு தானாக நடந்து வந்து அதில் உட்கார்ந்துகொள்ளும் போலிருக்கிறது.

இதையெல்லாம் நான் பார்த்தாகிவிட்டது. அந்த ஆள் சொல்வதை அப்படியே செய்கிறவன் ஒருத்தன் எங்கள் குடும்பத்திலேயே இருக்கிறான். என் பெண்டாட்டியின் தங்கை புருஷன், எனக்குச் சகலை. அழகுமலை என்று பெயர். அவனால்தான் இன்றைக்கு என் பெண்டாட்டி விமானத்தில் மெட்ராஸ் போகிறாள், நான் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்து பஸ்ஸில் போகிறேன்.

சிரிக்காதீர்கள், நிஜமாகத்தான். இரண்டு இருபதுக்கு மதுரையில் கிளம்புகிறது. நானும் அவளும் சேர்ந்து போக வேண்டும், அதுதான் அவள் திட்டம். அதற்காகத்தான் காசு சேர்த்தாள். நான் வரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு விடவில்லை, காலை ஆறு மணிக்கு மாட்டுத்தாவணியில் இந்த வண்டியில் ஏறிவிட்டேன். மகள் வீடு பம்மலில் இருக்கிறது. எல்லாரும் அங்கேதான் போகிறோம். அவளும் கூடப் போகிற அழகுமலையும் அவன் பெண்டாட்டியும் மூன்றரைக்கு இறங்கி, பெட்டி வருகிற வரைக்கும் நின்று, ஆட்டோக்காரனிடம் பேரம் பேசி வந்து சேர நாலரை ஆகிவிடும். நான் அதற்குள் மகள் வீட்டில் காப்பி குடித்துவிட்டுக் காலை நீட்டி உட்கார்ந்திருப்பேன். எனக்கு நானூற்றுச் சொச்சம். அவர்களுக்கு ஆளுக்கு நாலாயிரம். அழகுமலை வாசலில் செருப்பைக் கழற்றும்போது, "வாங்க சகலை, இப்பத்தான் வர்றீங்களா" என்று ஒரு வார்த்தை கேட்க வேண்டும். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இரண்டு நாள் லீவு போட்டு வருகிறேன்.

எனக்குக் கப்பலூர் பக்கம் எடைமேடையில் வேலை. லாரி வந்து மேடையில் ஏறி நிற்கும், எடையைப் பார்த்துச் சீட்டுக் கொடுக்க வேண்டும். அதற்கு முன்னால் பஞ்சு மில்லில் இருந்தேன், அங்கேயும் எடைதான். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனால் எண் எனக்கு அத்துப்படி. பதினோராயிரம் சம்பளம். அழகுமலை பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறான். அவனுக்குப் பத்தாயிரத்து ஐந்நூறு. என்னைவிட ஐந்நூறு குறைவு. அதுவும் வருஷத்துக்குப் பதினொரு மாதம்தான். மே மாதம் பள்ளிக்கூடம் இல்லை, சம்பளமும் இல்லை. இதை மனசில் வைத்துக்கொண்டு மீதியைக் கேளுங்கள்.

எனக்குக் கல்யாணம் ஆனபோது மாமனார் போட்ட மோதிரம் அரைப் பவுன். ஏழு வருஷம் கழித்து அழகுமலைக்குப் போட்டது ஒரு பவுன். ஏன் மாமா என்று கேட்டேன். "அப்ப கையில இல்ல மாப்பிள்ள" என்றார். அப்போது கையில் இல்லை, சரி, இப்போது இருக்கிறதல்லவா? பெரிய மாப்பிள்ளைக்கு மீதி அரைப் பவுனைக் கொடுத்துக் கணக்கை நேர் பண்ணியிருக்கலாமா இல்லையா? பண்ணவில்லை. என் மோதிரத்தை நகைக்கடையில் கொடுத்து நிறுத்துப் பார்த்தேன். அரைப் பவுனுக்கும் நூறு மில்லி குறைவு. முப்பத்தொரு வருஷம் ஆகிறது. மனுஷர் செத்தும் போய்விட்டார். நான் அதைப் பற்றிப் பேசுவதே இல்லை.

அழகுமலை சேமிக்கிற லட்சணத்தைச் சொல்கிறேன். அவன் வீட்டில் பீரோவுக்குப் பக்கத்துச் சுவரில் வரிசையாக ஆணி அடித்திருக்கிறான். ஒவ்வொரு ஆணியிலும் ஒரு கல்யாணப் பத்திரிகைக் கவர். கெட்டியாக இருக்கும், காசும் கிடையாது, அதனால் அது. ஒவ்வொரு கவரின் மேலும் பேப்பரில் வந்த விளம்பரப் படத்தை வெட்டி ஒட்டியிருப்பான். மிக்ஸி வாங்க வேண்டும் என்றால் மிக்ஸி படம். மகள் காலேஜுக்கு என்றால் தொப்பி போட்ட ஒரு பெண் படம். ஒரு கவரில் சூரியன் படம் இருந்தது. என்னடா இது, சூரியனை வாங்கப் போகிறாயா என்று கேட்டேன். "மே மாசம்ண்ணே" என்றான். சம்பளம் இல்லாத மாதத்துக்கு ஒரு கவர்.

மாதத்தில் இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டுக்கு அப்புறம், வீடே வட்டமாக உட்காரும். கவரை எல்லாம் கழற்றி நடுவில் வைப்பார்கள். மகள் ஒவ்வொன்றாகப் படிப்பாள், இது எதற்கு, எவ்வளவு வேண்டும், எவ்வளவு சேர்ந்திருக்கிறது. போடுகிற ஆள் எல்லாரும் பார்க்கப் போட வேண்டும். ஒரு கவரில் போட்டதை இன்னொரு கவருக்கு மாற்றக் கூடாது. யார் கவரோ அவர் கையால்தான் பிரிக்க வேண்டும். பூசை மாதிரி நடத்துவான். ஒரு தடவை அவனுக்குக் காய்ச்சல். கையில் காசில்லை. பத்து நாள் ரசம் சோறும் அரசாங்க ஆஸ்பத்திரி மாத்திரையுமாகக் கிடந்தானே தவிர, மிக்ஸியைத் தொடவில்லை. மிக்ஸி என்றால் மிக்ஸிதானாம். இதற்குப் பெயர் புத்தியா?

நானும் சேர்க்கிறவன்தான் தம்பி. ஆனால் நான் யாரிடமும் சொல்லிக்கொண்டு சேர்க்கவில்லை, படம் ஒட்டவில்லை. தபால் ஆபீசில் இரண்டு லட்சத்து நாற்பதாயிரம் இருக்கிறது. பீரோவில் கொஞ்சம் ரொக்கம். சாவி என் அரைஞாண் கயிற்றில். எவ்வளவு இருக்கிறது என்று என் பெண்டாட்டிக்கே தெரியாது. உங்களிடம் சொல்கிறேன் என்றால் நீங்கள் செங்கல்பட்டில் இறங்கிப் போய்விடுவீர்கள், அதனால்தான். எதற்குச் சேர்க்கிறேன் என்று தபால் ஆபீஸ் அம்மா ஒருமுறை ஒரு தாளை நிரப்பும்போது கேட்டது. காசுக்கு எதற்கு ஒரு எதற்கு? பெயர் வைத்துவிட்டால் அந்தக் காசு போய்விட்டது என்று அர்த்தம். மிக்ஸி என்று எழுதினால் ஒருநாள் மிக்ஸி வந்துவிடும், கவர் காலி. எழுதாமல் வைத்தால் காசு காசாகவே இருக்கும். அழகுமலை இதுவரைக்கும் சேர்த்ததை எல்லாம் கூட்டிப் பாருங்கள். நான் கூட்டியிருக்கிறேன். மிக்ஸி, கட்டில், மாடிப்படிக்குக் கம்பி, பெண்ணுக்குக் காலேஜ், ஒரு பழைய ஸ்கூட்டர். மொத்தம் மூன்று லட்சத்துக்கு மேல் வருகிறது. இன்றைக்கு அவன் கையில் என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. எல்லாம் பொருளாகிவிட்டது. என்னிடம் ஒரு பொருளும் இல்லை, காசு அப்படியே இருக்கிறது. யார் கெட்டிக்காரன், நீங்களே சொல்லுங்கள்.

இவ்வளவு சேர்க்க எப்படி முடிந்தது என்று கேட்கிறீர்களா? கட்டுப்பாடுதான். என் பெண்டாட்டி பஞ்சவர்ணம் மாவு ஆட்டி விற்கிறாள். இட்லி மாவு. சாயங்காலம் நாலு மணிக்குக் குண்டானை வாசலில் வைத்தால் ஏழுக்குள் காலி. வீட்டுச் செலவு அந்த மாவிலேயே ஓடிவிடும். அரிசி, பருப்பு, கரண்டு பில், மகளுக்குச் சீர் செனத்தி எல்லாம். என் சம்பளத்தில் கை வைக்க வேண்டிய அவசியமே வராது. ஒருத்தன் மனசை அடக்கிக்கொண்டு வாழ்ந்தால் சேர்க்க முடியும், அவ்வளவுதான்.

கொரோனா வந்ததே, அப்போது ஒரு விஷயம் நடந்தது. பள்ளிக்கூடம் எல்லாம் மூடிவிட்டார்கள். அழகுமலைக்குச் சம்பளம் நின்றுபோனது. நான் மனசுக்குள் சொன்னேன், சரி, இப்போது வருவான். வந்துதான் ஆக வேண்டும். இருபதாயிரம் தனியாக எடுத்து வைத்தேன். ஆமாம், கொடுக்கத்தான். நான் ஒன்றும் கல் நெஞ்சக்காரன் இல்லை. கேட்க வேண்டிய நாலு கேள்வியைக் கேட்டுவிட்டுக் கொடுத்திருப்பேன். என்ன கேட்க வேண்டும் என்றுகூட யோசித்து வைத்திருந்தேன். உன் சூரியன் எங்கே போனது, உன் தொப்பிக்காரி எங்கே போனாள் என்று. ஒரு மாதம் பார்த்தேன், இரண்டு மாதம் பார்த்தேன். அவன் வரவில்லை. கவரை ஒவ்வொன்றாகப் பிரித்துச் சாப்பிட்டிருக்கிறான். அது தீர்ந்ததும், பள்ளிக்கூடத்துக்காரர்களிடம் கேட்டு வேனை வாங்கி, தெருத் தெருவாகத் தக்காளி விற்றான். எங்கள் தெருவுக்கும் வந்தான். எனக்கு இரண்டு கிலோ சும்மா கொடுத்துவிட்டுப் போனான். பாருங்கள், எப்பேர்ப்பட்ட கர்வம். கூடப்பிறந்தவன் மாதிரி ஒருத்தன் காசை வைத்துக்கொண்டு காத்திருக்கிறேன், வந்து கேட்கவில்லை. இன்றைக்கு வரைக்கும் நான் அதை மன்னிக்கவில்லை.

விமானம் எங்கே வந்தது என்று சொல்கிறேன். நாலு வருஷத்துக்கு முன்னால் மகள் வைரமணிக்குப் பிரசவம். பஞ்சவர்ணம் பம்மலுக்குப் போய் மூன்று மாதம் இருந்தாள். விமான நிலையம் பக்கத்திலேயே இருப்பதால் அங்கே விமானம் எல்லாம் வீட்டுக்கு மேலேயேதான் போகும். குழந்தைத் துணியைக் காயப் போட மாடிக்குப் போனால் அண்ணாந்து பார்த்துக்கொண்டே நின்றுவிடுவாளாம். போனில் வேறு பேச்சே இல்லை. "வயிறு தெரியுதுங்க. சக்கரத்தை உள்ள மடக்குறது தெரியுது. உள்ள சனங்க உக்காந்திருக்காகன்னா நம்ப முடியல." நான் சொன்னேன், பார்த்தாச்சுல்ல, சும்மாதானே பார்த்தே, அது போதும் என்று.

ஊருக்குத் திரும்பி வந்தவள் ஒருநாள் சோறு போடும்போது கேட்டாள், நாம் இரண்டு பேரும் ஒருமுறை அதில் போவோமா என்று. நான் பார்ப்போம் என்றேன். பார்ப்போம் என்றால் இல்லை என்று அர்த்தம். அது அவளுக்கும் தெரியும், முப்பத்தெட்டு வருஷமாகத் தெரியும். அதற்கப்புறம் அவள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். அவள் அப்படித்தான், எதைக் கேட்டாலும் ஒருமுறைதான் கேட்பாள். தொல்லை இல்லாத பொம்பளை.

இந்த வருஷம் மே மாதம். ஒரு ஞாயிற்றுக்கிழமை. எடைமேடையில் ஏதோ ரிப்பேர், மத்தியானமே மூடிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தால் கதவு பூட்டியிருக்கிறது. பக்கத்து வீட்டில் கேட்டேன். தங்கச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள், மாதா மாதம் போகிறதுதானே என்றார்கள். மாதா மாதமா? எனக்கு அது புதுச் செய்தி. அப்படியே சைக்கிளைத் திருப்பினேன்.

அழகுமலை வீட்டில் கதவு திறந்திருந்தது. உள்ளே வட்டமாக உட்கார்ந்திருக்கிறார்கள். அழகுமலை, கொழுந்தியாள் தனபாக்கியம், அவர்கள் மகள். அந்த வட்டத்தில் என் பெண்டாட்டி. மடியிலிருந்து காசை எடுத்து எண்ணிப் போட்டுக்கொண்டிருக்கிறாள். எல்லாம் பத்தும் இருபதுமாக. நோட்டில் மாவு காய்ந்து ஒட்டிக்கொண்டிருந்தது, நான் நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. கவரில் ஒரு விமானம் படம். படத்துக்குக் கீழே அந்தப் பெண் கையெழுத்தில் பெரியம்மா, பெரியப்பா என்று எழுதியிருந்தது. தமிழ் எனக்கு வாசிக்க வரும்.

எனக்கு எப்படி இருந்திருக்கும்? என் பெயரை என்னைக் கேட்காமல் எழுதி, அடுத்தவன் வீட்டு ஆணியில் இரண்டு வருஷமாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். போகிறவன் வருகிறவன் எல்லாம் பார்த்திருப்பான். கேஸ்காரன் பார்த்திருப்பான். சோணைமுத்துவுக்கு விமானத்தில் போக ஆசை, பாவம், கையில் காசில்லை, சகலை வீட்டில் சீட்டுப் போடுகிறார் என்று சொல்லியிருப்பானா இல்லையா?

அழகுமலை எழுந்து நின்று, "உக்காருங்கண்ணே, காப்பி சாப்பிடலாம்" என்றான். காப்பி ஒன்றுதான் குறைச்சல். யாரைக் கேட்டு என் பெயரை எழுதினாய் என்றேன். பஞ்சவர்ணம்தான் முந்திக்கொண்டு, நான்தான் எழுதச் சொன்னேன் என்றாள். சரி, நடந்தது நடந்துவிட்டது, காசை எடு, தபால் ஆபீசில் போட்டால் வட்டியாவது வரும் என்று கையை நீட்டினேன்.

அழகுமலை அந்தக் கவரைக் கையில் எடுத்தான். "கவர் மதினியோடதுண்ணே. அவங்க ஒரு வார்த்தை சொன்னா இப்பவே பிரிச்சுத் தந்துடுறேன்" என்றான். எல்லாரும் அவளைப் பார்த்தார்கள். நானும் பார்த்தேன். கொடுத்துவிடுங்கள் என்று சொல்லிவிடுவாள் என்றுதான் நினைத்தேன். முப்பத்தெட்டு வருஷத்தில் ஒரு தடவை என் பேச்சைத் தட்டியதில்லை. அவள் தரையைப் பார்த்துக்கொண்டு மெதுவாகச் சொன்னாள்.

"பிரிக்க வேணாம். இன்னும் நாலு மாசந்தான் பாக்கி."

நான் வந்துவிட்டேன். அந்த வீட்டில் அதற்கப்புறம் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை.

ஆனாலும் ஒரு வாரம் கழித்து நானே இறங்கி வந்தேன். யாரும் இதைச் செய்ய மாட்டார்கள். பீரோவைத் திறந்து, பத்தாயிரம் எடுத்து, அவள் முன்னால் வைத்தேன். அவள் அப்போது கிரைண்டரைக் கழுவிக்கொண்டிருந்தாள். இதற்கு ஒரு கம்மல் எடுத்துக்கொள், நகையாவது மிஞ்சும், அந்த விமானக் காசைத் திருப்பி வாங்கிவிடு என்றேன். நோட்டைப் பார்த்தாள். கையைச் சேலையில் துடைத்தாள். துடைத்துவிட்டு, எடுத்துக்கொள்வாள் என்று பார்த்தால் கேள்வி கேட்கிறாள்.

"இது எதுக்குன்னு சேர்த்ததுங்க?"

எதற்கு என்றால் என்ன சொல்வது? சும்மாதான், இருக்கட்டும் என்று சேர்த்ததுதான் என்றேன்.

"அப்ப சும்மாவே இருக்கட்டும்."

அவ்வளவுதான். திரும்பிக் கிரைண்டரைக் கழுவ ஆரம்பித்துவிட்டாள். நான் நோட்டை எடுத்து மறுபடியும் பீரோவில் வைத்துப் பூட்டினேன். இதெல்லாம் அந்த வட்டத்தில் உட்கார்ந்து கற்றுக்கொண்ட பேச்சு. அவளுக்கு இப்படிப் பேசத் தெரியாது.

நாலு மாதம் என்றாளா, சரியாக நாலு மாதம். ஒரு மாதம் முன்னால் போகவில்லை, பின்னால் போகவில்லை. போன மாதம் கவரைப் பிரித்திருக்கிறார்கள். அழகுமலையும் அவன் பெண்டாட்டியும் அவர்களுக்கென்று ஒரு விமானக் கவர் வைத்திருந்தார்களாம். நாலு பேருக்கும் சேர்த்து அவன் மகள் கம்ப்யூட்டரில் டிக்கெட் எடுத்துவிட்டாள். போவதற்கு மட்டும்தான் விமானம். வருவதற்கு ரயிலில் சாதாரணப் பெட்டி. அதுதான் அவர்கள் வசதி. நான் ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டேன், நான் வரமாட்டேன் என்று. பஞ்சவர்ணம் ஒரு மாதமும் கெஞ்சவில்லை, அழவில்லை. கெஞ்சியிருந்தால் ஒருவேளை யோசித்திருப்பேன். என் வெள்ளைச் சட்டையைத் துவைத்துத் தேய்த்து ஆணியில் மாட்டி வைத்தாள், இதுதான் அவள் செய்தது.

நேற்றுச் சாயங்காலம் ஒரு தாளைக் கொண்டுவந்து கையில் கொடுத்தாள். "நீங்க வந்தாலும் வராட்டியும் சீட்டு உங்க பேர்லதான் இருக்கு. தனபாக்கியம் ஒரு பக்கம், நீங்க ஒரு பக்கம், நடுவுல நான்" என்றாள். சந்தைக்கு வழி சொல்வது மாதிரி சொல்லிவிட்டு மாவை அள்ளப் போய்விட்டாள். நான் மடித்துச் சட்டைப் பையில் வைத்தேன். இன்றைக்கு விடிவதற்கு முன்னாலேயே கிளம்பினேன். கதவுக்குள் நின்று பார்த்தாள். எங்கே என்று கேட்கவில்லை. அந்த வெள்ளைச் சட்டையை நான் போடவில்லை, அதைத்தான் பார்த்தாள்.

தாளை எதற்குப் பத்திரமாகக் கொண்டுவருகிறேன் தெரியுமா? போகாத ஆளுக்குக் காசைத் திருப்பிக் கொடுப்பார்கள் என்று எடைமேடையில் ஒரு லாரிக்காரர் சொன்னார். மருமகன் படித்தவர், அவரிடம் கொடுத்து வாங்கிவிடலாம் என்று எடுத்து வந்தேன். நாலாயிரம் ரூபாய் தம்பி. இந்தாருங்கள், நீங்களும் படித்தவர்தானே. எனக்கு இங்கிலீஷ் வராது. எங்கே எழுதியிருக்கிறது, எவ்வளவு கொடுப்பார்கள், பாருங்கள்.

கொடுக்க மாட்டார்களா? ஒன்றுமே கிடையாதா? ஏறாவிட்டாலும் காசு அவனுக்கேவா? பகல் கொள்ளை. எடைமேடையில் லாரி ஏறாமல் போனால் நாங்கள் காசு வாங்குகிறோமா? சரி, விடுங்கள். அழகுமலைக்கு இது தெரிந்திருக்கும், தெரிந்தேதான் சொல்லாமல் விட்டிருப்பான்.

அது என்ன, கீழே தனியாக முந்நூற்றைம்பது என்று ஒரு எண்? சாப்பாடா? சாப்பாட்டுக்கு ஏன் காசு கட்டினாள், அவள் புளிச்சோறு கட்டிக்கொண்டு போயிருப்பாளே. சாப்பாடு இல்லையா? பின்னே?

சன்னலா? சன்னலோரம் உட்காருவதற்குத் தனியாகக் காசா? சரிதான், அப்படியும் ஒன்று வாங்குகிறார்களா. இவளும் கட்டியிருக்கிறாள். கட்டுவாள். மாடியில் நின்று மூன்று மாதம் அண்ணாந்து பார்த்தவள், சன்னலை விடுவாளா. முந்நூற்றைம்பது என்றால் எத்தனை கிலோ மாவு என்று அவளுக்குத் தெரியாதா, தெரிந்துதான் கட்டியிருக்கிறாள். போகட்டும், அவள் ஆசை.

என்ன சொன்னீர்கள்?

இல்லை தம்பி, சரியாகப் பாருங்கள். நீங்கள் மாற்றிப் படிக்கிறீர்கள். சன்னல் அவளுக்காகத்தான் இருக்கும். பஞ்சவர்ணம் என்று போட்டிருக்கும். எழுத்து எழுத்தாகப் படியுங்கள்.

சோணைமுத்து. அது என் பெயர்தான். ஆமாம், சோணைமுத்து நான்தான்.

எனக்கு எதற்குச் சன்னல்? எடைமேடையில் நாள் முழுக்கச் சன்னல் வழியாகத்தான் பார்க்கிறேன். நான் கேட்டேனா? விமானத்தைப் பற்றி ஒரு வார்த்தை நான் கேட்டேனா? அவள்தான் வயிறு தெரியுது, சக்கரம் தெரியுது என்று பேசினாள். ஆசை அவளுக்கு, காசு அவளுடையது, சன்னல் எனக்கா? கணக்குத் தெரியாத பொம்பளை. அதனால்தான் சொல்கிறேன், அவள் கையில் காசு இருக்கக் கூடாது என்று.

நான் போகாவிட்டால் அந்த இடத்தில் வேறு யாரையாவது உட்கார வைப்பார்களா? மாட்டார்களா? காலியாகவே போகுமா? அப்படியென்றால் சரி, இவள் தள்ளி உட்கார்ந்துகொள்வாள். பக்கத்து இடம்தானே, ஒரு ஆள் நகர வேண்டிய தூரம். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் இல்லையா? அந்த விமானத்தில் வேலை செய்கிற பிள்ளைகள் அதட்டுமா?

தள்ளி உட்கார மாட்டாள் தம்பி. எனக்குத் தெரியும். தனபாக்கியம் சொல்லிப் பார்ப்பாள், அக்கா, சும்மாதானே கிடக்கு, அங்கிட்டு நகரு என்று. கேட்க மாட்டாள். அது அவருக்கு வாங்குனது என்பாள். நடுவிலேயே உட்கார்ந்திருப்பாள், இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு. எனக்கு வைத்த சோற்றை நான் வராவிட்டால் இராத்திரி முழுக்க மூடி வைத்திருக்கிறவள் அவள். பசியோடு இருந்தாலும் அதைத் தொட மாட்டாள். அங்கிருந்து எட்டிப் பார்த்தால் கீழே ஏதாவது தெரியுமா? நடுவில் இருந்து? நீங்கள் போயிருக்கிறீர்களா? இறக்கைதான் தெரியுமா?

மணி என்ன ஆகிறது? இரண்டு பன்னிரண்டா? இரண்டு இருபதுக்குத்தான் கிளம்பும். எட்டு நிமிஷம் இருக்கிறது. இருங்கள், ஒரு போன் போடுகிறேன். நகர்ந்து உட்கார் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நான் சொன்னால் கேட்பாள். மற்றவர்கள் சொன்னால்தான் கேட்க மாட்டாள், நான் சொன்னால் கேட்பாள்.

அணைத்து வைத்திருக்கிறாளாம். அந்தப் பெண் குரல் சொல்கிறது. அழகுமலைதான் சொல்லிக் கொடுத்திருப்பான், ஏறினதும் போனை அமத்திவிடுங்க மதினி என்று. எல்லாம் தெரிந்தவன்.

அவன் எண்ணா? இருக்கிறது. இல்லை, அவனுக்கு வேண்டாம். அவனிடம் என்ன சொல்ல?

உங்கள் போனில் ஒரு தரம் அடித்துப் பாருங்கள் தம்பி. என்னுடையது பழசு, ஊர் தாண்டினால் சரியாகப் போகாது. எண் சொல்கிறேன். தொண்ணூற்று நாலு, நாற்பத்து மூன்று. மெதுவாகவே அடியுங்கள், தப்பாகப் போய்விடப் போகிறது. இன்னும் ஏழு நிமிஷம் இருக்கிறதல்லவா.